பின்சீட்டில் என் முகம்

பிள்ளைகளே, ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தால், தான் ஜெயித்த கதைகளாக அவிழ்த்துவிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் என்னிடம் நிறைய இருக்கிறது. கீழே கேண்டீனில் ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுங்கள், சலிக்கச் சலிக்கச் சொல்கிறேன். இங்கே சொல்லப்போவது நான் ஆடிப்போன கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நீங்களும் அதே பின்சீட்டில், அதே படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப்போகிறீர்கள். நான் பண்ணிய தப்பை நீங்களும் பண்ணாமல் இருக்க வேண்டுமே என்றுதான் வாயைத் திறக்கிறேன்.

நம் வேலையைப் பற்றி வெளியாட்கள் கேட்டால் நான் சுருக்கமாகச் சொல்வேன். ஒருவர் கார் ஓட்டத் தயாரா என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் எங்களிடம் அனுப்புவார். நாங்கள் அவரோடு காரில் போய்ப் பார்த்து, தகுதி உண்டு, இல்லை என்று கடிதம் கொடுப்போம். ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பக்கவாதம் வந்து தேறிய பெரியவர்கள். பிற்பாடுதான் ஆட்டிசம் உள்ள பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். காரில் மூன்று பேர் இருப்போம். பிள்ளை ஓட்டும். பக்கத்தில் பயிற்றுநர் காதர், அவர் காலடியில் இரண்டாவது பிரேக். பின்சீட்டில் நான்.

காதர் முன்னாளில் டாக்சி ஓட்டியவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அதனால் எனக்கு அக்கா பட்டம். எனக்கோ அந்தக் காலத்தில் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. ரோட்டில் என் கண்ணுக்குத் தப்பி ஓர் ஈகூடக் குறுக்கே போகாது என்று சொல்லித் திரிவேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் அடுத்தவருக்குச் சொல்வதற்கு என்று நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கயல்விழி வந்தாள். பத்தொன்பது வயது. கூடவே அம்மா செல்வி. புக்கிட் மேராவில் வீடு. செல்விக்குத் தேக்கா சென்டர் மாடியில் சின்னத் தையற்கடை. பண்டிகை நேரம், பிளவுஸ் மலைபோல் குவிந்திருக்கும். அதையெல்லாம் போட்டுவிட்டு மகளை அழைத்து வந்திருந்தார்.

“எதுக்கும்மா கார் ஓட்டணும்?” என்று கயலிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்பேன்.

அவள் என் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். “எம்ஆர்டியில எல்லா சவுண்டும் ஒரே நேரத்துல வருது ஆன்ட்டி. பஸ்லயும் அப்படித்தான். கார்ல இன்ஜின் மட்டும்தான். எனக்குக் கிராஞ்சி நர்சரியில ஜாப் இருக்கு. வேன் ஓட்டணும். செடி டெலிவரி.”

மிச்சத்தை அம்மா சொன்னார். சத்தம் தாங்காமல் ரயிலில் போக முடியாமல் கயல் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவள். ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கிராஞ்சிப் பக்கம் செடிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், இவளுக்குச் செடி, மண், உரம் எல்லாம் அத்துபடி என்று கண்டுகொண்டு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, லைசன்ஸ். எங்கள் கடிதம் கிடைத்தால் அவள் ஓட்டுநர் பரீட்சைக்குப் போகலாம், அவரும் இடத்தைப் பிடித்து வைப்பார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதம் இல்லையென்றால் வேறு ஆள்.

“அவளுக்கு இது ஒண்ணுதான் மேடம் இருக்கு” என்றார் செல்வி. அதற்குமேல் கெஞ்சவில்லை.

தியரி தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியிருந்தாள். ஓட்டுநர் பள்ளியில் வண்டி ஓட்டவும் பழகியிருந்தாள். மேசையில் வைத்த சோதனைகள் எல்லாவற்றிலும் பிரமாதம். எதிர்வினை வேகம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரோட்டில் இறங்கினோம்.

அந்த முதல் ஓட்டத்தைப் போல் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. புக்கிட் மேராவில் தொடங்கி, ஊருக்குள் புகுந்து, சிராங்கூன் சாலை வரைக்கும் போனோம். தேக்காப் பக்கம் பண்டிகைக் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. குறுக்கே ஓடும் பிள்ளைகள், தள்ளுவண்டி, கார் கதவைப் படாரென்று திறக்கும் ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் கயல் சரியான நேரத்தில் வேகம் குறைத்தாள், நின்றாள், மறுபடி எடுத்தாள். காதர் பிரேக் பக்கம் காலையே கொண்டுபோகவில்லை. கண்ணாடியை அவள் பார்த்த ஒழுங்கைச் சொல்லி மாளாது. இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை பின்பக்கக் கண்ணாடி. இந்த வயதுப் பிள்ளைகளிடம் அடித்தாலும் வராத பழக்கம் அது. படிவத்தில் ‘கண்ணாடி கவனித்தல்’ என்ற இடத்தில் முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன். கின்டர்கார்டன் டீச்சர் கெட்டாள் போங்கள்.

தேக்கா சென்டர் கார் நிறுத்துமிடத்தில் செல்வி கழுத்தில் இஞ்ச் டேப்போடு காத்திருந்தார். அறிக்கை எழுதி முடிக்கும் முன்னால் முடிவை வாயால் சொல்லக்கூடாது என்பது நம் விதி. எனக்கும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

“உங்க பொண்ணு ரொம்ப நல்லா ஓட்டுறாம்மா. கவலைப்படாதீங்க” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

செல்வி அங்கேயே அழுதுவிட்டார். அழுதுகொண்டே போனை எடுத்து நர்சரி முதலாளியைக் கூப்பிட்டார். “கிடைச்சிடுச்சு சார், மேடமே சொல்லிட்டாங்க” என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. காதர் சிரித்தார். நானும் சிரித்தேன். மனசு நிறைந்திருந்தது.

கயல் மட்டும் சிரிக்கவில்லை. காரின் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, லைசன்ஸ் வந்த பிறகு அங்க யாரு உக்காருவா?”

“யாரும் உக்கார வேணாம்மா. நீ தனியாத்தான் ஓட்டுவே.”

“அப்ப எப்ப பிரேக் போடணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குப் புரியவில்லை. ரோட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும், இப்ப பாத்தியே அதே மாதிரி என்றேன்.

“நான் ரோடு பாக்கல ஆன்ட்டி. ரோட்டுல நிறைய இருக்கு. எது முக்கியம்னு தெரியல. நான் உங்க மூஞ்சியப் பாத்தேன். உங்க புருவம் மேல போனா ஸ்லோ பண்ணணும். வாய் திறந்தா ஸ்டாப். மூச்சு விட்டீங்கன்னா மறுபடி போலாம். நீங்க ரொம்ப கிளியரா பண்றீங்க.”

பாராட்டாகத்தான் சொன்னாள். ‘கண்ணாடி கவனித்தல்’, முழு மதிப்பெண், நட்சத்திரம்! அவள் கண்ணாடியில் பார்த்தது பின்னால் வரும் வண்டிகளை அல்ல, என்னை. அந்த நெரிசலில் ஒரு மணி நேரம் கார் ஓட்டியது நான். ஸ்டீயரிங் மட்டும் அவள் கையில் இருந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முகபாவம் படிக்க வராது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன் தெரியுமா? அந்தப் பேச்சையெல்லாம் நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“நேர்ல பாக்க மாட்டியே கயல், கண்ணாடியில மட்டும் எப்படி?” என்று கேட்டேன்.

“நேர்ல பாத்தா கஷ்டம். மிரர்ல பாத்தா ஈஸி” என்றாள்.

செல்வி போனை இன்னும் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். காதர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். “அக்கா, நான் பிரேக் ஒரு தடவைகூடத் தொடல லா. பிள்ளை ஏதோ சொல்லுது. டிரைவிங் டெஸ்ட்ல எப்படியும் இன்னொருத்தர் பாப்பாரு. லெட்டரைக் குடுத்துடுங்க. அந்த அம்மா மூஞ்சியைப் பாருங்க.”

மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. படிவம் முழுதும் டிக். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்புறம்தான் கிராஞ்சி ரோட்டில் பின்சீட் காலியாக ஒரு வேன் போவது கண்முன் வந்தது. “இன்னொரு ரவுண்டு போகணும், இப்பவே” என்றேன்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிட இது மோசம், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோலைப் பிடுங்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஆளில்லாத இடத்தில் பிடுங்க வேண்டும். நான் பிடுங்கியது தீபாவளிக் கூட்டச் சனிக்கிழமை, நண்பகல், தேக்காவில். பதற்றம். உண்மையா பொய்யா என்று அந்த நொடியே தெரிந்தாக வேண்டும் என்கிற வெறி. முகக்கவசம் மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கண்ணாடியில் தெரியாதபடி ஓட்டுநருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன். செல்வி ஓரமாக ஒதுங்கி நின்றார்.

இரண்டு தெருகூடத் தாண்டவில்லை. கெர்பாவ் ரோட்டில் ஓரமாக ஒரு லாரி நின்றது. அதன் முன்னாலிருந்து, தோளில் வெங்காய மூட்டையோடு ஒரு தொழிலாளி ரோட்டில் இறங்கினார். மூட்டை அவர் முகத்தை மறைத்திருந்தது. எங்கள் கார் வேகம் குறையவே இல்லை. கயலின் கண் கண்ணாடியில் இருந்தது. என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

“யா அல்லா!” என்று கத்திக்கொண்டே காதர் பிரேக்கை மிதித்தார். நான் முன்சீட்டில் போய் மோதினேன். மூட்டை பானட்டின் மேல் விழுந்து வெடித்து, வெங்காயம் தெருவெல்லாம் ஓடியது. அந்த மனிதர் இரண்டு கையையும் பானட்டின் மேல் ஊன்றியபடி நின்றார். அவர் வயிற்றுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்களைப் பார்த்து, “ஒண்ணும் ஆகலக்கா, நான்தான் பாக்காம வந்துட்டேன்” என்று நம் தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டார்.

கயல் ஸ்டீயரிங்கை விடவே இல்லை. திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஆன்ட்டி, உங்க மூஞ்சி எங்க?”

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காதரும் நானும் இறங்கி வெங்காயம் பொறுக்கினோம். அந்தத் தம்பியிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டு, விவரம் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, காதர் ஓட்டத் தேக்கா சென்டருக்குத் திரும்பினோம். அதே மாலை, நடந்ததை எங்கள் மதிப்பீட்டு மையத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்தில் இரண்டாவது ஓட்டம் என்னுடைய முடிவு, காதருடையது இல்லை என்பதையும் சேர்த்து எழுதினேன்.

அதற்கு முன்னால் செல்வியிடம் சொல்ல வேண்டியிருந்தது. கடிதம் கொடுக்க முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொங்கினார் பாருங்கள், கார் நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது.

“மூஞ்சியப் பாரு, மூஞ்சியப் பாருன்னு சொல்லிக் குடுத்தது யாரு மேடம்? நாலு வயசுலேர்ந்து உங்க ஆளுங்கதானே? கோவமா இருக்கிற மூஞ்சி, சிரிக்கிற மூஞ்சின்னு கார்டு கார்டாக் காட்டி, டீச்சர் மூஞ்சியப் பாத்துப் பதில் சொன்னா ஸ்டிக்கர் குடுத்தீங்களே! பதினஞ்சு வருஷமா அவ அதைத்தான் செய்யுறா. இப்ப அதுக்கே ஃபெயிலா?”

அந்த அட்டைகளை நானே, சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்த என் இளம் வயதில், எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஸ்டிக்கரும் கொடுத்திருக்கிறேன். சரியான பதிலை எடுக்கப்போகும்போது என் முகம் மலர்ந்திருக்கும், பிள்ளை அதைப் பார்த்துத்தான் எடுத்திருக்கும், நான் ‘முன்னேற்றம்’ என்று எழுதியிருப்பேன். பெரியவர்களின் முகத்தைப் பார்த்து நட என்று ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டு, உலகத்தைப் பார்க்கிறார்கள் என்று நம்பியிருக்கிறோம். இது நம் தொழிலுக்கென்றே உள்ள குருட்டுத்தனம். அதை ஒரு தையற்கடைக்காரர் தீபாவளிக் கூட்டத்தின் நடுவே நின்று எனக்குச் சொன்னார். அவர் சொன்ன ஒரு சொல்லும் தப்பில்லை.

நர்சரி வேலை போய்விட்டது. மாத முடிவில் முதலாளி வேறு ஆளை எடுத்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஏமாற்றமாவது கொஞ்சம் குறைந்திருக்கும்.

பத்து நாள் கழித்து கயலே மையத்துக்குப் போன் செய்தாள். “ஆன்ட்டி, மூஞ்சி இல்லாம ஓட்டக் கத்துக்கணும். யாரு சொல்லித் தருவா?” என்று கேட்டாள். காதர் சொல்லித் தந்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத தொழிற்பேட்டைத் தெருக்கள், பிறகு பள்ளிக்கூட வட்டாரம், கடைசியாகத்தான் கூட்டம். பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும்: லாரி நிற்கிறது, அதன் முன்னால் தெரியவில்லை, அதனால் மெதுவாக. சொல்லாவிட்டால் கார் நகராது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பதுதான் எனக்கு அதில் இருந்த வேலை, அது சாமானியமாக இல்லை. பதினோரு மாதம் ஆயிற்று. “அக்கா, என் டாக்சியில ஏறுன எந்தப் பாசஞ்சரும் இவ்வளவு பேசினதில்ல” என்று காதர் அலுத்துக்கொள்வார்.

மறு மதிப்பீட்டுக்கு வேறு ஆளை அனுப்பலாம் என்று மையத்தில் சொன்னார்கள். என் முகம் இருக்கும்போதும் அதை நம்பாமல் ஓட்டுகிறாளா என்றுதானே பார்க்க வேண்டும், நானே வருகிறேன் என்றேன். முகக்கவசம் இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை, கண்ணாடியில் நன்றாகத் தெரிகிற இடம். காலியான ஒரு தெருவில் வேண்டுமென்றே புருவத்தை உயர்த்தி வாயைப் பிளந்தேன். கார் அதுபாட்டுக்குப் போனது.

“ஆன்ட்டி, பின்னாடி வண்டி இல்ல, உங்க மூஞ்சி மட்டும் இருக்கு. நான் பிஸி” என்றாள். காதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் ஜாலான் புக்கிட் மேராவில் ஒரு சந்திப்பு. வலப்பக்கம் திரும்ப வேண்டும். பச்சை விளக்கு. எதிரில் வரும் வண்டிகளுக்கு வழி விட்டு, இடைவெளி பார்த்துத்தான் திரும்ப முடியும். எதிரே ஒரு பஸ், அதுவும் அதன் வலப்பக்கம் திரும்பக் காத்து நின்றது. எதிர்ப்பக்கம் காலி. எனக்கு வெட்டவெளியாகத் தெரிந்தது.

“இப்ப போலாம் கயல், திரும்பு” என்றேன். சோதனைக்காக இல்லை. போகலாம் என்று நம்பித்தான் சொன்னேன்.

“இல்ல” என்றாள்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அவளுக்குச் சத்தம் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டீயரிங்கில் அவள் விரல்கள் வெளுத்துப்போயின.

“கிளியர் லா, கோ, கோ” என்றார் காதர்.

“கயல், திரும்பும்மா” என்றேன் நானும்.

“நோ. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியாது. நீங்க சும்மா சொல்றீங்க.”

அவள் சொல்லி முடிக்கவில்லை. பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் கடந்து போனது. அதில் இரண்டு பேர். நாங்கள் திரும்பியிருந்தால் அவர்கள் நேரே எங்கள் கதவில் வந்து மோதியிருப்பார்கள். நான் படிவத்தைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது வருட ரோட்டு அனுபவம்! நாங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தக் காலை யாருக்கு எப்படி முடிந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

“பைக் போயிடுச்சு. பஸ்ஸும் போயிடுச்சு. ரோடு தெரியுது. இப்ப போறேன்” என்று சொல்லிவிட்டுக் கயல் திரும்பினாள்.

படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ‘மதிப்பீட்டாளரின் அறிவுறுத்தலை உடனே பின்பற்றுகிறாரா?’ அதில் ‘இல்லை’ என்று டிக் போட்டேன். அதற்குக் கீழே, தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி டிக் மாறி விழுந்துவிட்டதோ என்று கேட்டார். மாறவில்லை, அதற்காகத்தான் கையெழுத்தே என்றேன். கயல் இப்போது லிம் சூ காங்கில் ஒரு காளான் பண்ணைக்கு வேன் ஓட்டுகிறாள். வேலையை அவளே தேடிக்கொண்டாள்.

அந்த அறிக்கையைக் கையெழுத்திட்டு முடித்த பிறகுதான், இந்தத் தடவை விதிப்படி, செல்வியின் கடைக்குப் போய்ச் சொன்னேன். சந்திப்பில் நடந்ததையும் சொன்னேன். நானும் காதரும் மூன்று தடவை போகச் சொல்லியும் அவள் கேட்கவில்லை என்ற இடத்தில், செல்வி தைப்பதை நிறுத்திவிட்டுப் பதறி எழுந்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம். அவ அப்படிப்பட்ட பிள்ளை இல்ல. பெரியவங்க சொன்னா எப்பவும் கேப்பா. நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

“ஐயோ செல்வி, கண்டிச்சிடாதீங்க” என்றேன். “அவ கேக்காததாலதான் நான் உங்க முன்னாடி நிக்கிறேன்.”